சிசிலியத் தற்காப்பும் திரைக்கு அப்பால் இருக்கும் எதிராளியும்

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களை ஆடுபவர் அரசனுக்கு முன்னால் நிற்கும் காலாளை இரண்டு கட்டங்கள் முன்னே நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்குவது மிகப் பழைய வழக்கம். குறியீட்டு மொழியில் இதனை இ4 என்பர். கறுப்புக் காய்களை ஆடுபவர் இதற்கு மறுமொழியாக அதே போன்று இ5 என நேருக்கு நேர் நிற்கலாம். அவ்வாறின்றி, சற்று ஒதுங்கி, மந்திரியின் முன்னால் உள்ள காலாளைச் சி5 என்ற கட்டத்துக்கு நகர்த்துவாராயின் அதன் பெயரே சிசிலியத் தற்காப்பு. இ4 என்ற தொடக்கத்துக்கு உலகில் மிக அதிகமாக ஆடப்படும் மறுமொழிகளுள் இது முதல் வரிசையில் உள்ளது. உலக வீரர்களின் மேசையில் மட்டுமன்றி, கைத்தொலைபேசித் திரையில் பத்து நிமிட ஆட்டம் ஆடும் பாடசாலை மாணவனின் விரல் நுனியிலும் இன்று இதுவே நிற்கிறது.

பிள்ளைகள் எந்நேரமும் தொலைபேசியில் விளையாடிக் கொண்டிருக்கிறார்கள் என்ற முறைப்பாடு வீடுகள் தோறும் கேட்கிறது. அந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை பற்றிப் பரிந்து பேச எம்மிடம் எதுவுமில்லை. எனினும் சதுரங்கம் அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கது தானா என்பதைப் பெற்றோர் அறிந்து முடிவு செய்வதே முறை. இணையத்தில் நிகழும் ஓர் ஆட்டத்துக்குள் என்ன நடைபெறுகிறது என்பதை இங்கு சற்று விரித்துக் கூற முயல்கிறோம்.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாகவே எடுத்துக் கொள்வோம். ஊர்காவற்றுறைப் பகுதியின் சுருவிலில் இருக்கும் ஒரு மாணவனுக்கு வெள்ளைக் காய்கள். புத்தளத்தில் இருக்கும் ஒரு மாணவனுக்குக் கறுப்புக் காய்கள். ஒருவரை ஒருவர் அறியார். இருவரையும் இணைத்தது இணையத்தளத்தின் கணினி. அது பார்த்தது இருவரின் தரப்புள்ளிகளை மட்டுமே. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ வகுத்த கணக்கு முறையை உலக சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. இணையத்தளங்கள் கையாள்வதும் அதன் வழிவந்த முறைகளையே. தன்னிலும் வலியவனை வென்றால் அதிக புள்ளி, எளியவனிடம் தோற்றால் அதிக இழப்பு என்பது அதன் சாரம். குலம், மதம், ஊர், பாடசாலையின் பெயர் என எதுவும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

ஆட்டம் தொடங்குகிறது. வெள்ளை இ4, கறுப்பு சி5. வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வருகிறது. கறுப்புக் குதிரை சி6க்கு வருகிறது. வெள்ளை டி4 எனத் தன் அடுத்த காலாளை மையத்தில் வைக்க, கறுப்பு அதனைச் சி5 காலாளால் வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை அந்தக் காலாளை வெட்டி டி4இல் அமர்கிறது.

சிசிலியத் தற்காப்பின் உட்பொருள் முழுவதும் இந்த மூன்று நகர்வுகளுக்குள் அடங்கியுள்ளது. கறுப்பு கொடுத்தது ஓரத்தை அண்டிய ஒரு காலாள். பெற்றது மையத்துக் காலாள். இனிமேல் மையத்தில் கறுப்புக்கு டி, இ என இரு காலாட்கள். வெள்ளைக்கு ஒன்று மட்டுமே. தன் காலாள் இல்லாத சி வரிசையும் கறுப்பின் கோட்டைக்குப் பாதையாகத் திறந்துவிட்டது. ஆனால் இவை நீண்டகாலத்து இலாபங்கள். உடனடி இலாபம் வெள்ளைக்கே. அதன் குதிரை மையத்தில் நிற்கிறது. மந்திரிகள் வெளியேற வழி திறந்திருக்கிறது. அரசன் பக்கத்தில் தாக்குதலுக்கு இடமுண்டு. பின்னர் வரப்போகும் செல்வத்தை நம்பி இன்று கடன் வாங்குபவனின் நிலையே கறுப்பின் நிலை. கடன்காரன் வாசலுக்கு வருமுன் பயிரை அறுவடை செய்தால் பிழைத்தான். இந்தச் சமனின்மையே இத்தற்காப்பின் கவர்ச்சி. சமநிலையை வேண்டாது வெற்றியை வேண்டும் கறுப்பு ஆட்டக்காரர் இதனை நாடுவர்.

தற்காப்பு என்ற சொல்லே இங்கு சற்று மயக்கம் தருவது. ஊர்காவற்றுறை என்ற பெயரில் காவல் இருக்கிறது. அத்துறையின் வாயிலில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் வைத்திருந்த கடற்கோட்டை இன்றும் நீருக்கு நடுவே நிற்கிறது. சிசிலியத் தற்காப்பு அந்தக் கோட்டையைப் போன்று இருந்த இடத்தில் இருந்து காப்பதன்று. பக்கவாட்டிலிருந்து எதிரியின் மையத்தைக் குலைக்கும் தாக்குதல் அது.

மீண்டும் ஆட்டத்துக்கு வருவோம். கறுப்பின் மற்றக் குதிரை எஃப்6க்கு வந்து வெள்ளையின் இ4 காலாளைத் தாக்குகிறது. வெள்ளையின் இரண்டாவது குதிரை சி3க்கு வந்து அதனைக் காக்கிறது. கறுப்பு டி6. வெள்ளை மந்திரியைச் சி4இல் நிறுத்துகிறது. அது அங்கிருந்து கறுப்பு அரசனின் பக்கத்திலுள்ள எஃப்7 கட்டத்தைக் குறுக்காக நோக்குகிறது. இதனைக் கவனித்தவர்கள் இ6 எனக் காலாளை ஒரு கட்டம் நகர்த்தி அந்தக் குறுக்குப் பாதையை அடைப்பர். புத்தளத்து மாணவன் அவ்வாறு செய்யவில்லை. ஜி6 என நகர்த்தி, தன் மந்திரியை ஓரத்திலிருந்து வெளியே கொணர வழி செய்கிறான். சிசிலியத் தற்காப்பின் இன்னொரு கிளையான டிராகனில் அது இயல்பான நகர்வு. அங்கே பார்த்ததை இங்கே பிரயோகித்துவிட்டான். நகர்வுகளை மனனம் செய்து காரணங்களை மனனம் செய்யாதவர்களுக்கு நேர்வது இதுவே.

வெள்ளை டி4 குதிரையால் சி6 குதிரையை வெட்டுகிறது. கறுப்பு பி7 காலாளால் திரும்ப வெட்டுகிறது. இப்போது வெள்ளையின் எட்டாவது நகர்வு: இ5. அந்தக் காலாள் எஃப்6 குதிரையைத் தாக்குகிறது. டி6 காலாளால் அதனை வெட்டிவிடலாமே என்று எவருக்கும் தோன்றும். இலவசமாகக் கிடைக்கும் காலாள் அல்லவா? கறுப்பு வெட்டுகிறது. வெட்டிய கணமே டி வரிசை முழுவதும் வெறுமையாகி, வெள்ளை அரசியும் கறுப்பு அரசியும் நேருக்கு நேர் நிற்கின்றன. கறுப்பு அரசிக்குக் காவல் அதன் அரசன் ஒருவன் மட்டுமே. வெள்ளை மந்திரி எஃப்7இல் உள்ள காலாளை வெட்டி முற்றுகை கொடுக்கிறது. கறுப்பு அரசனுக்கு வேறு கட்டமில்லை. டி7க்குச் செல்ல முடியாது, வெள்ளை அரசியின் பார்வை அங்கே உண்டு. மந்திரியை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் காவல் நீங்குகிறது. வெள்ளை அரசி கறுப்பு அரசியைக் கொள்கிறது. பத்து நகர்வுகளில் ஆட்டம் நடைமுறையில் முடிந்தது.

இது எமது கண்டுபிடிப்பன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் கனடாவின் சம்பியனாக இருந்த மக்னஸ் சிமித்தின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற பொறி. எனினும் இன்றும் இணையத்தில் ஆட்கள் இதில் விழுந்து கொண்டே இருக்கிறார்கள். விழுந்தவனுக்கு இதில் கிடைப்பது சிறிதன்று. வெட்ட முடியும் என்பதற்காக வெட்டலாகாது. ஒரு காய் நகரும்போது அது சென்றடையும் இடத்தைப் போன்றே அது விட்டுச் செல்லும் இடத்தையும் பார்க்க வேண்டும். எமது பாடசாலைகளில் தருக்கம் எனத் தனிப்பாடம் எடுத்துக் கற்பிப்பதை இந்தப் பத்து நகர்வுகள் ஐந்து நிமிடத்தில் உணர்த்திவிடுகின்றன.

பெயரைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். இந்தியாவில் சதுரங்கமாக இருந்த ஆட்டம் பாரசீகத்தில் சத்ரங் ஆகி, அரபியரிடம் ஷத்ரஞ்ச் ஆயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டின் அல் அத்லியும், பத்தாம் நூற்றாண்டில் பக்தாத்தில் கலீபாக்களின் அவையில் புகழ்பெற்றிருந்த அஸ்ஸூலியும் இதன்மீது நூல்கள் எழுதினர். போர்க்களத்தில் படையை அணிவகுப்பது போல் ஆட்டத்தின் தொடக்கத்தில் காய்களை நிறுத்தும் முறைகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டவர்கள் அவர்களே. இன்று தொடக்க ஆட்டக் கோட்பாடு எனப்படும் கல்வியின் வேர் அங்கே உள்ளது. சிசிலித் தீவில் முஸ்லிம் ஆட்சி ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிப் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்தது. அதன்பின் வந்த நோர்மானிய மன்னர்கள் பலெர்மோ நகரில் எழுப்பிய அரண்மனை வழிபாட்டிடத்தின் விதானத்தில், அரபு உடையணிந்த இருவர் சதுரங்கம் ஆடும் ஓவியம் இன்றும் காணப்படுகிறது. கிறிஸ்தவ மன்னன் கட்டிய ஆலயத்தில் முஸ்லிம் மரபு ஓவியம், அதில் இந்தியாவில் பிறந்த ஆட்டம்.

ஆயினும் சிசிலியத் தற்காப்பு அந்தக் காலத்துக்குரியது எனக் கருதலாகாது. அரசி இன்றைய வலிமை பெற்றது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய மாற்றம். அரசியின் இடத்தில் அதற்கு முன்னர் நின்றது ஒரு கட்டம் மட்டும் குறுக்காக நகரும் மந்திரி. இன்று நாம் மந்திரி என்றழைக்கும் காயோ அரபியரிடம் யானையாக இருந்தது. சி5 என்ற மறுமொழி இத்தாலியரான பொலேரியோவின் 1594ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியில் இடம்பெறுகிறது. சிசிலிய ஆட்டம் என்ற பழைய இத்தாலிய வழக்கை 1813இல் ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தவர் சாரட் என்ற ஆங்கிலேயர்.

சதுரங்கம் மார்க்க ரீதியில் ஆகுமானதா என்ற வினாவும் முஸ்லிம் வாசகர்களிடையே எழுவதுண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில், பணயம் வைக்காததும் தொழுகை முதலிய கடமைகளைப் பாழாக்காததுமான சதுரங்கம் ஹராம் எனக் கொள்ளப்படாது மக்ரூஹ் என்ற நிலையில் வைக்கப்பட்டது. ஏனைய மத்ஹபுகளில் இதனினும் கடுமையான கருத்துகள் உண்டு. தீர்ப்புக் கூறுவது பத்திரிகையின் பணியன்று. எனினும் பணயமும் கடமை தவறுதலும் என்ற அந்த இரு எச்சரிக்கைகளும் நள்ளிரவு தாண்டியும் அணையாத தொலைபேசித் திரைக்கு நன்றாகவே பொருந்துகின்றன என்பதை எந்த மதத்துப் பெற்றோரும் ஏற்பர்.

சிசிலியத் தற்காப்பின் மிகப் புகழ்பெற்ற கிளை நஜ்தோர்ஃப் எனப்படுவது. ஐந்தாவது நகர்வில் கறுப்பு ஏ6 எனச் சிறியதொரு காலாள் நகர்வைச் செய்கிறது. வெள்ளையின் மந்திரியோ குதிரைகளோ பி5 கட்டத்துக்கு வரவிடாது தடுப்பதே அதன் நோக்கம். பொபி ஃபிஷரும் கஸ்பரோவும் கறுப்புக் காய்களுக்கு நம்பிய ஆயுதம் இது. இந்த நகர்வுக்குப் பெயர் தந்தவர் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்த மிகேல் நஜ்தோர்ஃப். 1939இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட்டுக்குப் போலந்து அணியில் சென்றிருந்தார். போட்டி நடந்து கொண்டிருக்கும்போதே ஹிட்லரின் படைகள் போலந்தினுள் நுழைந்தன. அவர் திரும்பவில்லை. மனைவியும் குழந்தையும் பெற்றோரும் சகோதரர்களும் நாஜிகளால் கொல்லப்பட்டனர். 1947இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் பலகைகளைப் பாராமலே ஒரே நேரத்தில் 45 பேருடன் ஆடிச் சாதனை படைத்தார். அத்தகைய சாதனைச் செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளியானால், எங்கோ உயிரோடு இருக்கக்கூடிய உறவினர் எவரேனும் அதைப் படித்துத் தம்மைத் தேடி வரக்கூடும் என்ற நம்பிக்கையே தம்மைத் தூண்டியதாக அவர் பின்னர் கூறியுள்ளார்.

இதனை வேறெந்த ஊர் வாசகரிலும் எமது வாசகர்கள் எளிதில் விளங்கிக் கொள்வர். 1990களின் தொடக்கத்தில் தீவகத்துக் கிராமங்களிலிருந்து ஓடிய குடும்பங்கள் யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, பின்னர் ஐரோப்பா, கனடா எனச் சிதறின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிற் பெருந்தொகையினர் புத்தளத்தில் அகதிகளாகத் தங்கினர். எமது கற்பனை ஆட்டத்தில் சுருவிலையும் புத்தளத்தையும் எதிரெதிரே வைத்தது வெறும் தற்செயலன்று. இருவரும் பிறக்குமுன் நிகழ்ந்தவை பற்றி அந்தப் பத்து நிமிடத்தில் இருவரும் எதுவும் பேசப் போவதில்லை. ஒருவருக்கொருவர் ஒரு புனைபெயரும் சில நகர்வுகளும் மட்டுமே. சதுரங்கம் சமாதானத்தைக் கொண்டுவரும் என்றெல்லாம் கூற நாம் துணியோம். எதிரே இருப்பவன் தன்னளவு சிந்திக்கக் கூடியவன் என்ற அடிப்படையிலேயே ஒவ்வொரு நகர்வும் செய்யப்பட வேண்டியிருக்கிறது என்பது மட்டும் உண்மை.

சாதாரண ஆட்டக்காரர்கள் இணையத்தில் சிசிலியத் தற்காப்பை ஆடி உலகின் கவனத்தைப் பெற்ற சம்பவம் 1999இல் நிகழ்ந்தது. அப்போதைய சதுரங்க மன்னர் கஸ்பரோவ் ஒரு புறம். உலகம் முழுவதும் மறுபுறம். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இதனை நடத்தியது. கஸ்பரோவ் ஒரு நகர்வு செய்வார். விரும்பிய எவரும் இணையத்தில் வாக்களிக்கலாம். அதிக வாக்குப் பெற்ற நகர்வு உலக அணியின் நகர்வாகும். ஜூன் 21ஆம் திகதி தொடங்கி ஒக்டோபர் 22 வரை நான்கு மாதங்கள் நடந்த அந்த ஆட்டத்தில் 75க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 50,000க்கும் அதிகமானோர் பங்குபற்றினர். கஸ்பரோவின் இ4க்கு உலகம் தெரிந்தெடுத்த மறுமொழி சி5. அணிக்கு ஆலோசகராக இருந்த 15 வயது அமெரிக்கச் சிறுமி ஐரினா கிரஷ் பத்தாவது நகர்வுக்கு முன்மொழிந்த அரசி நகர்வை அதற்கு முன் எவரும் ஆடியதில்லை. உலக மன்னரே திணறும் சிக்கலான நிலைக்கு ஆட்டம் சென்றது. இறுதிக் கட்டத்தில் ஒருவரே பல வாக்குகள் இட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. கிரஷின் ஆலோசனை உரிய வேளையில் வந்து சேராது ஒரு முக்கிய நகர்வு பிழைத்தது. 62 நகர்வுகளில் கஸ்பரோவ் வென்றார். கள்ள வாக்குக்குப் பழகிய எமக்கு அந்த முறைப்பாடு மட்டும் புதிதாக இருக்கவில்லை!

1995 முதலே இணையச் சதுரங்கக் கழகங்கள் இருந்தன. செஸ்.கொம் 2007இல் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு நிரலாளர் ஒருவர் 2010இல் தொடங்கிய லிசெஸ் கட்டணமோ விளம்பரமோ இன்றி நன்கொடைகளில் இயங்குகிறது. 2020இன் கொரோனா முடக்கத்தின் பின்னர் இவற்றின் வளர்ச்சி வெள்ளம் போலாயிற்று, செஸ்.கொம்மின் உறுப்பினர் தொகை 2022 டிசம்பரில் பத்துக் கோடியைத் தாண்டியது. பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாண நகருக்குச் சென்றால் அன்றி நல்ல எதிராளி கிடைக்காது என்ற நிலை தீவகத்துப் பிள்ளைக்கு நீங்கியது இவ்வாறே.

ஆயின் அதே தொலைபேசியில் வேறொன்றும் வந்து சேர்ந்தது. உலக சம்பியனையும் எளிதில் வெல்லும் ஸ்டொக்ஃபிஷ் என்ற கணினி நிரல் எவருக்கும் இலவசம். 2021 ஜூன் மாதம், கொரோனா நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலருடன் இணையத்தில் ஒரே நேரத்தில் ஆடினார். அவர்களுள் ஒருவரான இந்தியத் தொழிலதிபர் நிகில் காமத் ஆனந்தையே வென்றுவிட்டார். நம்ப முடியாத அந்த வெற்றிக்கு நிபுணர்களினதும் கணினியினதும் உதவியைப் பெற்றதாக மறுநாளே ஒப்புக்கொண்டு அவர் வருத்தம் தெரிவித்தார். ஐந்து முறை உலக சம்பியனான ஒருவரிடம் தோற்பதில் இழிவு என்ன இருக்கிறது? நல்லதொரு நோக்கத்துக்காக ஆடப்பட்ட விளையாட்டு ஆட்டத்திலேயே இது நிகழ்ந்ததெனில், தரப்புள்ளியே பெருமை எனக் கருதும் 14 வயதுப் பிள்ளைக்கு ஏற்படும் சபலத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தளங்கள் இதனைக் கண்டறிய முயல்கின்றன. ஓர் ஆட்டக்காரரின் நகர்வுகள் கணினி தெரிந்தெடுக்கும் நகர்வுகளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன, எளிய நகர்வுக்கும் கடினமான நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் எடுக்கிறாரா என்பவற்றைக் கணக்கிட்டுப் பார்க்கின்றன. பிடிபட்டால் கணக்கு மூடப்படும். ஆயினும் தன் அறையில் தனித்திருக்கும் பிள்ளையைக் காவல் காப்பது இறுதியில் அந்தப் பிள்ளையே. பிள்ளையின் தரப்புள்ளியை உறவினரிடம் பெருமை பேசும் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பது நன்று. சபலத்தின் ஒரு பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது.

அதே கணினி நிரல் ஆட்டம் முடிந்த பின்னர் நல்லாசிரியன். முன்னைய தலைமுறைக்கு இந்த வசதி இருந்ததில்லை. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இந்திய விதிகளில் ஆடிப் பழகியவர். காலாள் முதல் நகர்விலேயே இரண்டு கட்டம் செல்லும் ஐரோப்பிய விதியும் அங்குள்ள தொடக்க ஆட்டக் கல்வியும் அவருக்குப் புதியவை. அவ்வாறிருந்தும் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய சம்பியன் ஆனார். முன்னாள் உலக சம்பியன் கபபிளாங்காவையும் வென்றார். அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் கிடைத்தது 2024இல், அவர் இறந்து பல பத்தாண்டுகளின் பின். தமிழகத்தில் மனுவேல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனபோதும் நூல்களைத் தேடிப் பெறுவதே பெரும்பாடு. 1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் சிறுவன் ஆனந்த் ஆடியதும், 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலக சம்பியனானதும் ஒரே தொடர்ச்சியின் படிகள். அந்தத் தொடர்ச்சியைத் தாங்கியது கழகம், பயிற்றுநர், ஒழுங்கான போட்டிகள் என்ற மூன்றும்; தொலைபேசி மட்டுமன்று. தீவகக் கல்வி வலயத்துப் பாடசாலைகளின் கணினி அறைகளை வாரத்தில் ஒரு மாலை திறந்து, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் ஏனைய மாவட்டப் பாடசாலைகளோடு இணையவழிப் போட்டிகளை நடத்துவது பெருஞ்செலவான காரியமன்று. மேற்பார்வை இருப்பின் கணினியிடம் களவாகக் கேட்கும் வழியும் பெருமளவு அடைபடும்.

புதிதாகச் சிசிலியத் தற்காப்பை ஆடத் தொடங்கும் பிள்ளைக்கு நடைமுறையில் கூறக்கூடியவை சிலவே. மூன்று நிமிட ஆட்டங்களை விடுத்து, பதினைந்து நிமிடமாயினும் தரும் ஆட்டங்களைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதற்குக் குறைந்த நேரத்தில் நடைபெறுவது பெரும்பாலும் விரலின் பந்தயமே. டிராகன், நஜ்தோர்ஃப் என ஒரே வாரத்தில் தாவாது ஒரு கிளையை மட்டும் சில மாதங்கள் ஆட வேண்டும். தோற்ற ஆட்டத்தை உடனே கணினியிடம் கொடாது, எந்த நகர்வில் பிழைத்தோம் என்பதை முதலில் தாமே எழுதிவைத்து, பின்னரே கணினியின் கருத்தைப் பார்க்க வேண்டும். எமது உதாரணத்தில் புத்தளத்து மாணவன் எட்டாவது நகர்வில் காலாளை வெட்டியதே தன் பிழை என்று எழுதுவான்; கணினியோ அதற்கும் முன்னே சென்று, ஆறாவது நகர்வில் ஆடப்பட்ட ஜி6ஐயும் சுட்டிக்காட்டும்.